திருச்செந்தூர் முதல் முட்டம் வரை: மணலைப் பார்க்க மூன்று நாள்

கோவையிலிருந்து பொங்கல் விடுமுறைக்கு மூன்று நாள் தெற்கே வருகிறீர்கள். கூடவே எழுபது தாண்டிய அப்பா, பத்தும் பதின்மூன்றும் வயதான பிள்ளைகள். விவேகானந்தர் பாறையும் ராமேசுவரம் கோயிலும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. கூட்டமில்லாத கடற்கரை, மணல்மேடு, கடல் அகலமாகத் தெரியும் இடங்கள் வேண்டும். பிள்ளைகள் கடலில் இறங்கலாமா, தனுஷ்கோடியையும் இதிலேயே சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் நேரடிப் பதில். திருச்செந்தூரில் ஆரம்பித்து மணப்பாடு, உவரி, கன்னியாகுமரி வழியாக முட்டத்தில் முடியுங்கள். கடலோரச் சாலையில் மொத்தமே சுமார் 120 கிலோமீட்டர்தான். தனுஷ்கோடி இந்த மூன்று நாளுக்குள் வேண்டாம்; காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். பிள்ளைகள் கால் நனைக்கலாம், குளிக்க வேண்டாம். அதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

இந்தப் பாதையைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளம். ஆனால் மணல்மேடு பிறப்பதையும், வயதாகிச் சிவப்பதையும், இறுகிக் கல்லாவதையும் ஒரே நாளில் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் பகுதி இதுதான். திருச்செந்தூருக்கு மேற்கே செந்நிறத் தேரி, அதாவது பழைய செம்மணல் மேடுகள். குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும் மேடுகள். மணப்பாட்டில் கல்லாகவே ஆகிவிட்ட மேடு. பெரும்பாலானவர்கள் இந்த மூன்றையும் கார் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கன்னியாகுமரிக்கு விரைகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

தேரியிலிருந்து தொடங்கலாம். திருச்செந்தூரிலிருந்து காயாமொழிப் பக்கம் போனால், வாழையும் முருங்கையும் நிற்கும் தோட்டங்கள் சட்டென்று முடிந்து, சிவப்பு மணல் எழும்பி நிற்கும். இதுதான் குதிரைமொழித் தேரி. பல ஆயிரம் ஏக்கர் பரப்பு, வனத்துறைக் காப்புக்காடு. உள்ளே போக எளிய வழி இரண்டு அய்யனார் கோயில்கள். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார், மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார். கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசி நாளில் கள்ளர் வெட்டுத் திருவிழா நடக்கும். அன்றைக்கு இந்தச் செம்மணலைப் பக்தர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள். நீங்கள் வருவது தை மாதம் என்பதால் அந்தக் கூட்டம் வடிந்திருக்கும்.

அப்பாவுக்கு அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில்தான் சரிப்படும். பெயரிலேயே சுனை இருக்கிறது. சுற்றிலும் மணல்காடு, நடுவே மரநிழல், நல்ல தண்ணீர். மணலில் விழும் மழை ஓடாமல் அப்படியே கீழே இறங்கி, நீர் புகாத அடுக்கில் முட்டி நின்று, தாழ்ந்த இடத்தில் ஊறி வருகிறது. மேலே பாலைவனம் என்று நினைத்து நிற்கிறோம், கீழே நீர்த்தேக்கம். தேரி ஓரத்து ஊர்களில் வாழையும் முருங்கையும் செழிப்பதற்கும் இந்த நீர்தான் காரணம்.

மணல் ஏன் சிவப்பு என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்பச் சொல்லுங்கள். பெரும்பாலான துகள்கள் சாதாரணக் கடற்கரை மணலில் இருக்கும் அதே குவார்ட்ஸ்தான். ஒவ்வொன்றின் மேலும் இரும்புத் துரு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. நடுநடுவே கருப்பாக இல்மனைட், இளஞ்சிவப்பாகக் கார்னெட். இவற்றில் உள்ள இரும்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் சிதைந்து மற்ற துகள்களின் மேல் பூசிக்கொண்டது. ஆக, நிறம் வயதின் அடையாளம். மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளக்கும் ஒளிர்வு முறையில் இந்தத் தேரிகளை ஆராய்ந்திருக்கிறார்கள். சில இடங்களில் பத்தாயிரம் ஆண்டை ஒட்டிய வயது கிடைத்திருக்கிறது. தேரிப் பகுதிகளில் சின்னஞ்சிறு கல் கருவிகளும் கிடைத்தன. சாய்னர், பிரிட்ஜெட் ஆல்ச்சின் இருவரும் 1956-இல் அவற்றைப் பற்றி எழுதிய ஆய்வுக்குப் பிறகு, இந்தியத் தொல்லியலில் ‘தேரிக் கருவிகள்’ என்று தனியாகவே பேசப்படுகிறது. நகம் அளவுள்ள, விளிம்பு கூராகச் செதுக்கப்பட்ட கல் சில்லு ஏதாவது கண்ணில் பட்டால் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். கிடந்த இடம்தான் அதற்குப் பொருள் தருகிறது. வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் அது வெறும் கல்.

மேற்கிலிருந்து வரும் மேல்காத்துதான் இங்கே எல்லாவற்றையும் ஆட்டிவைக்கிறது. ஆனி, ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற மலை இடைவெளிகளில் புகுந்து வேகம் பிடித்து இந்தச் சமவெளிமேல் பாயும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். அந்த மாதங்களில் தேரியில் கண்ணைத் திறந்து நிற்க முடியாது. மணல் முழங்கால் உயரத்துக்குப் புகைந்து ஓடும். தையில் அந்தத் தொல்லை இல்லை. காற்று அடங்கியிருக்கும், முந்தைய மாதங்களின் மழையால் மணல் கொஞ்சம் இறுகியும் இருக்கும். நடக்க ஏற்ற காலம்.

காலை ஏழு மணிக்குள் தேரிக்குப் போய்விடுங்கள். சாய்வெயிலில்தான் மணல் வரிகள் தெரியும். சூரியன் ஏறிவிட்டால் எல்லாம் தட்டையாகிவிடும், மணலும் சுட ஆரம்பிக்கும். அந்த வரிகளுக்குப் பக்கத்தில் பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வரிக்கு ஒரு பக்கம் சரிவு நீளம், மறுபக்கம் குத்தலாக இருக்கும். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். மர நிழலில் மணல் தளர்ந்த இடங்களில் குழியானை என்ற சிறு பூச்சி பறித்த கூம்புக் குழிகள் இருக்கும். இரவில் நடந்துபோன ஓணான், பாம்பு, முயல் தடங்கள் காற்று எழுவதற்கு முன் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். தேரிக்குள் ரொம்ப தூரம் தனியாகப் போகாதீர்கள். மேடும் பனையும் உடைமரமும் எங்கே திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும், கால்தடம் காற்றில் அழிந்துவிடும், திசை தப்புவது மிக எளிது. கோயில் கோபுரமோ சாலையோ கண்ணில் இருக்கும் தூரத்துக்குள் நடந்தால் போதும். அதற்கு மேல் போக விருப்பமிருந்தால் வனத்துறையிடம் கேட்டுவிட்டு, உள்ளூர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட ஆசை வரும். உடைமுள் மணலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கையில் வேண்டும்.

திரும்பும் வழியில் உடன்குடி. புவிசார் குறியீடு பெற்ற கருப்பட்டி ஊர். பதனீர் காலம் இன்னும் தொடங்கியிருக்காது, ஆனால் பொங்கல் நேரம் பனங்கிழங்குக் காலம். அவித்த கிழங்கை அப்பா விரும்பிச் சாப்பிடுவார் என்று நினைக்கிறேன். பனை இங்கே வெறும் வருமானம் மட்டுமில்லை; ஓடும் மணலைப் பிடித்து நிறுத்தும் வேலையையும் அதுதான் பல தலைமுறையாகச் செய்கிறது.

அப்புறம் கடலோரம். குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே போகும்போது அலை தொடும் ஈர மணலுக்குப் பின்னால், இடுப்பளவோ ஆள் உயரமோ மேடுகள் தெரியும். இவைதான் பிறந்துகொண்டிருக்கும் மணல்மேடுகள். உச்சி வரை ஏறி மிதிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆட்டுக்குளம்பு வடிவ இலையும் ஊதாப் பூவும் கொண்ட அடும்பங்கொடி மணல்மேல் நீளமாக ஓடியிருக்கும். கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். அதற்குச் சற்று மேலே குத்தும் முனைகளோடு இராவணன் மீசைப் புல். அதன் முள்பந்து போன்ற விதைக்கதிர் காய்ந்து உதிர்ந்து, காற்றில் மணல்மேல் துள்ளித் துள்ளி உருண்டு போகும். பிள்ளைகள் அதன் பின்னால் ஓடாமல் இருக்க மாட்டார்கள்.

மேடு வளரும் விதம் எளிமையானது. காற்று மணலைத் தரையோடு தரையாகத் துள்ளவைத்துக் கொண்டுவருகிறது. கொடியும் புல்லும் இருக்கும் இடத்தில் காற்றின் வேகம் குறைகிறது, மணல் அங்கேயே விழுகிறது. செடி புதைகிறது. புதைந்த செடி சாகாமல் மேலே நீள்கிறது, மறுபடி மணல் விழுகிறது. இந்தச் செடிகள் உப்பையும் வெயிலையும் புதைவதையும் தாங்கும், காலடியைத் தாங்காது. ஒரே வழியில் பத்துப் பேர் தினமும் ஏறி இறங்கினால் கொடி அறுந்து, அந்த இடத்தில் காற்று புகுந்து, மேடு அங்கிருந்தே கரைய ஆரம்பிக்கும். மேட்டின் மேல் ஜீப் ஓட்டுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். யாராவது உங்களிடம் அப்படி ஒரு சவாரிக்குக் காசு கேட்டால் மறுத்துவிடுங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், இந்த மேடுகள் கரையின் சேமிப்புக் கணக்கு. புயல் அலை வரும்போது கடல் மேட்டு மணலை எடுத்துக் கரைக்குச் சற்றுத் தள்ளித் திட்டாகப் போடும். அந்தத் திட்டில் அலை உடைந்து வலு இழக்கும். கடல் அமைதியானதும் சிற்றலைகள் அதே மணலைக் கரைக்குத் திருப்பிக் கொண்டுவரும், காற்று மறுபடி மேட்டில் சேர்க்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது மேடு முழுசாக இருந்த இடங்களில் பின்னால் இருந்தவை பெரிதும் தப்பின. மேடு வெட்டப்பட்ட இடைவெளி வழியாகத் தண்ணீர் பாய்ந்து உள்ளே போயிற்று. இலங்கையின் யாலாவில் கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்று முன்னாலிருந்த மணல்மேட்டை நீக்கியிருந்த ஒரு விடுதி அன்று அழிந்தே போனது. கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மணல்மேடுகளை மிகவும் பாதுகாக்க வேண்டிய முதல் வகுப்பில் வைத்திருப்பதற்கு இதெல்லாம்தான் காரணம். இருந்தும் வேலி போட்டுச் சமப்படுத்துவதை இன்றும் பார்க்கிறோம், மனம் கொதிக்கிறது.

குலசேகரன்பட்டினத்தை ஒட்டிய கடலோரப் பகுதியில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதனால் முன்பு போன மண்பாதை எல்லாவற்றிலும் இப்போது போகலாம் என்று நினைக்க வேண்டாம். வேலியோ காவலோ கண்டால் திரும்பிவிடுங்கள். மணப்பாட்டுக்குத் தெற்கே பெரியதாழைப் பக்கமும் இதே மாதிரிக் கரை இருக்கிறது.

மணப்பாடுதான் இந்தப் பயணத்தின் நடுநாயகம். திருச்செந்தூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். கடலுக்குள் நீண்ட ஒரு குன்று, அதன் மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். கருமேனியாறு கடலில் சேரும் இடமும் இதுவே. ஆற்று வாயில் மணல்நாக்கு வளர்ந்து, உள்ளே அமைதியான காயல், வெளியே அலை. மேலே நின்றால் இரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். கார் மேலே வரை போகும், அதனால் அப்பாவுக்குச் சிரமம் இல்லை.

குன்றை ஏதோ மலை என்று எண்ண வேண்டாம். சிப்பித்தூள் நிறைந்த கடற்கரை மணல் ஒரு காலத்தில் இங்கே குவிந்தது. மழைநீர் அந்தச் சிப்பிச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, துகள்களுக்கு நடுவே மறுபடி படியவைத்தது. அப்படி ஒட்டி இறுகிய மணற்கல் இது. தேரி மணல் இரும்பால் சிவந்தது என்றால், இது சுண்ணாம்பால் கல்லானது. கடல் அரித்த பக்கவாட்டுச் சுவரைக் கிட்டத்தில் பாருங்கள்: சொரசொரப்பான மேற்பரப்பில் மணல் துகள்களும் சிப்பி நொறுங்கல்களும் தனித்தனியாகத் தெரியும். விரலால் தேய்த்தால் சில இடங்களில் மணலாகவே உதிரும். தேய்த்துப் பார்ப்பது ஒருமுறை போதும், சுரண்ட விடாதீர்கள்.

குன்றின் கடல் பக்கத்தில் ஒரு குகை. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கி வழிபட்ட இடம் என்று போற்றப்படுகிறது. திருச்செந்தூர் வள்ளி குகையும் இதே போல் கரையோர மணற்கல்லில் அமைந்ததுதான். அதற்குப் பக்கத்து நாழிக்கிணற்றில் கடல் எட்டும் தூரத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுகிறது. மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் மணலுக்குள் உப்புநீரின் மேல் தனி அடுக்காக மிதந்து நிற்க முடிகிறது. அளவோடு இறைத்தால் ஊறிக்கொண்டே இருக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறிவிடும்.

மணப்பாட்டில் ஒரு முழு மாலையைக் கொடுங்கள். நாலரைக்கு வந்து இருட்டும் வரை இருக்கலாம். அது மக்கள் வாழும் மீனவ ஊர், அதை மனதில் வைத்து நடந்துகொள்ளுங்கள். காயும் கருவாட்டையும் வலையையும் தாண்டி நடக்காமல் சுற்றிப் போங்கள். வலை பின்னுபவர்களைப் படம் எடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். பனை ஓலைப் பெட்டிகள் அங்கே பெண்கள் அழகாக முடைகிறார்கள், வாங்கினால் நேராக அவர்களிடமே வாங்குங்கள். செப்டம்பர் 14-ஆம் தேதி திருச்சிலுவைத் திருவிழாவுக்கு வந்தால் வேறொரு மணப்பாடு. அது கூட்டம் விரும்புபவர்களுக்கு.

இப்போது கடலில் இறங்குவது பற்றி. தையில் மன்னார் வளைகுடா பார்க்க அமைதியாகத்தான் இருக்கும். ஏற்றவற்றமும் இங்கே குறைவு, சுமார் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் ஆபத்தில்லை என்று தோன்றும். ஆனால் மணப்பாடு, உவரி, கன்னியாகுமரிக்கு மேற்கே உள்ள கரைகள் எல்லாம் சட்டென்று ஆழமாகும் கரைகள். அலை கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் ஏதோ ஒரு வழியில் திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் வழியாக அது ஒட்டுமொத்தமாகக் கடலுக்குள் ஓடும். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாக உடைய, நடுவே ஒரு பட்டை மட்டும் அலை இல்லாமல், கொஞ்சம் கலங்கலாகத் தெரிந்தால் அதுதான் அந்த ஓட்டம். அமைதியாக இருக்கிறதே என்று பிள்ளைகள் அங்கேதான் இறங்குவார்கள். யாராவது அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையைவிட்டு வெளியே வந்து, பிறகு அலையோடு கரைக்கு வர வேண்டும். நீச்சல் தெரியாத ஒருவர் பின்னாலேயே குதித்துக் காப்பாற்ற முயன்று இரண்டு உயிரும் போவது ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது.

இன்னொன்று கள்ளக்கடல். தெற்கே பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் அடித்த புயலின் அலைகள் சில நாள் பயணம் செய்து இங்கே வந்து சேரும். இங்கே வானம் தெளிவாக இருக்கும், காற்றும் இருக்காது, திடீரென்று கரை ஏறும் அலைகள் மட்டும் வரும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தது இப்படி எச்சரிக்கை விடப்பட்டிருந்த நேரத்தில்தான். ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இந்த அலை எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. கிளம்பும் காலையில் அதைப் பாருங்கள். அதைவிட எளிது, கரையில் நிற்கும் மீனவர் ஒருவரிடம் “அண்ணே, இன்னிக்கு கடல் எப்படி?” என்று கேட்பது. அவர் ‘இறங்காதீங்க’ என்றால் அதற்கு மேல் பேச்சில்லை. பிள்ளைகள் குளித்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தால் திருச்செந்தூர்க் கோயில் முன்பாக, காவல் ஆட்கள் நிற்கும் இடத்தில், நீங்களும் கூட இறங்கி, இடுப்பளவுக்குள். அங்கேயும் சில நாட்களில் மணல் அரிக்கப்பட்டுப் பாறை வெளியே நிற்கும், காலைப் பார்த்து வைக்க வேண்டும்.

கன்னியாகுமரிப் பக்கத்துக்கு ஒரு நாள் போதும். ஊருக்குள் உங்களுக்குப் புதிதாக இருப்பது ஒன்றுதான்: பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் 30-இல் திறந்த, 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம். விடுமுறையில் படகு வரிசை நீளமாக இருக்கும். அப்பாவை அதில் நிறுத்துவதற்குப் பதில் வட்டக்கோட்டைக்குப் போங்கள். ஆறேழு கிலோமீட்டர்தான். திருவிதாங்கூர்க் காலத்துக் கோட்டை, டச்சுப் படையிலிருந்து திருவிதாங்கூருக்கு வந்த டிலனாய் மேற்பார்வையில் 18-ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. மேலே ஏறப் படிக்குப் பதில் சாய்தளம் இருக்கிறது. மதில்மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள். கீழே கடற்கரையில் மணல் கருப்பாக இருக்கும். பிள்ளைகளிடம் ஒரு நல்ல காந்தத்தைக் கொடுத்துவிடுங்கள். காகிதத்தில் சுற்றி மணலில் இழுத்தால் கருந்துகள்கள் மீசை மீசையாக ஒட்டிக்கொண்டு வரும். அலை பின்வாங்கும்போது எடை குறைந்த வெண்மணலைக் கொண்டுபோய்விட்டு எடை கூடிய கருமணலைக் கோடு கோடாக விட்டுச் செல்வதையும் அங்கே பார்க்கலாம். விளையாடியதை அங்கேயே கொட்டிவிட வேண்டும். இந்தத் தாதுமணலுக்காகக் கரையே குடைந்தெடுக்கப்பட்ட வரலாறு இந்தப் பகுதிக்கு உண்டு. 2013-இல்தான் அரசு அதற்குத் தடை போட்டது.

மாதத்தைப் பொறுத்து ஒரு நல்ல வாய்ப்பு உங்களுக்கு இருக்கிறது. கன்னியாகுமரியில் உதயமும் அஸ்தமனமும் கடலில் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் ஆண்டு முழுவதும் அப்படி இல்லை. கோடையில் சூரியன் வடமேற்கே சாய்ந்து நிலத்துக்குப் பின்னால் இறங்கிவிடும். தையில் தென்கிழக்கில் எழுந்து தென்மேற்கில் இறங்குவதால் இரண்டுமே கடலில் கிடைக்கும். உதயம் ஆறரையைத் தாண்டித்தான், பிள்ளைகளை நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம்.

மேற்கே போகும்போது மணக்குடிப் பாலத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி ஐந்து நிமிடம் நில்லுங்கள். பழையாறு கடலில் சேரும் காயல், அலையாத்தி மரங்கள், தோணிகள். 2004-இல் இங்கிருந்த பாலத்தைச் சுனாமி அடித்துக்கொண்டு போனது. சொத்தவிளை நீளமான, நடக்க நல்ல கரை. அப்புறம் முட்டம். இங்கே காட்சி முழுக்க மாறிவிடும்: மணல் ஓரங்கட்டி, கரும்பாறைகள் கடலுக்குள் இறங்கி நிற்கும். கலங்கரை விளக்கம் இருக்கும் மேட்டிலிருந்து அலை பாறையில் மோதுவதைப் பார்த்துக்கொண்டே மாலையைக் கழிக்கலாம். அந்த மேட்டுப் பகுதியிலும் செம்மணல் இருக்கிறது, தேரியின் உறவு. ஈரமாக, பச்சையாகத் தெரியும் பாறைமேல் காலே வைக்கக் கூடாது. அதுவரை அலை வருகிறது என்பதற்கு அந்தப் பாசிதான் சாட்சி.

முட்டத்துக்குச் சற்று வடமேற்கே மணவாளக்குறிச்சி. அந்த ஊர் மணலுக்கு ஒரு கதை இருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாது மின்னுவதைக் கண்டார். மோனசைட்டில் இருக்கும் தோரியம் அந்தக் காலத்துப் பெட்ரோமாக்ஸ் போன்ற வாயு விளக்குகளில் ஒளிரும் வலையான மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. அவர் தேடி வந்து சேர்ந்தது இந்தக் கரைக்கு. இன்றும் அங்கே பொதுத்துறை ஆலை இயங்குகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்தக் கதை பிடிக்கும்.

நாள் வரிசை இப்படி இருக்கட்டும். முதல் நாள் மதியத்துக்குள் தூத்துக்குடி வந்து தங்குங்கள். திருச்செந்தூரில் அறை தேடாதீர்கள். மார்கழி, தையில் மாலை போட்டுப் பச்சை வேட்டி கட்டிய பாதயாத்திரைக் கூட்டம் சாலை முழுக்க இருக்கும், பொங்கலிலும் தைப்பூசத்திலும் ஊர் நிரம்பி வழியும். இரவில் திருச்செந்தூர்ச் சாலையில் வண்டி ஓட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள், நடப்பவர்கள் இருட்டில் தெரிய மாட்டார்கள். இரண்டாம் நாள் விடியலில் கிளம்பித் தேரி, உடன்குடி, மதிய ஓய்வு, மாலை மணப்பாடு. இரவு கன்னியாகுமரி அல்லது நாகர்கோவில். மூன்றாம் நாள் உதயம், வட்டக்கோட்டை, மணக்குடி, முட்டம். உவரியில் கப்பல் மாதா ஆலயமும் சுயம்புலிங்க சுவாமி கோயிலும் கடலோரத்தில் இருக்கின்றன, அப்பாவுக்கு விருப்பமானால் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். மழை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய பகுதி இது. தையில் அப்படி வருவது அரிது, ஆனாலும் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

கடைசியாகத் தனுஷ்கோடி. அழகில்லை என்பதால் ஒதுக்கவில்லை. ஒரு பக்கம் அமைதியான பாக் நீரிணையை உள்ளூரார் பெண்கடல் என்பார்கள், மறுபக்கம் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்பார்கள். நடுவே ஒடுங்கிப்போகும் மணல். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் ரயிலோடு பயணிகளையும் இழந்த ஊர் அது. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்ததிலிருந்து எல்லோரும் காரில் போய், வளைவில் படம் எடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். முட்டத்திலிருந்து அங்கே போய்ச் சேர அரை நாளுக்கு மேல் ஆகும், மாலையில் உள்ளே விடவும் மாட்டார்கள். நீங்களும் அந்த அரை மணி நேரக்காரர்களில் ஒருவராக ஆவீர்கள். குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து நிற்கும் நீர்ப்பரப்பு அது, 2025-இல் சரணாலயமாகவும் அறிவித்திருக்கிறார்கள். ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ ஒரு வார இறுதியை அதற்கென்றே ஒதுக்கி, தொலைநோக்கி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, காலை முதல் ஆளாக உள்ளே போங்கள்.